ஜங்ஷன் என்றால் எது?

அன்புள்ள தம்பிக்கு,

ரயில் நிலையத்தின் பெயரோடு ஒட்டி வரும் ‘ஜங்ஷன்’ என்ற சொல்லுக்கும் ஊரின் பெருமைக்கும் சம்பந்தமில்லை. தடம் பிரிகிறதா என்பதே கணக்கு. குறைந்தது மூன்று திசைகளுக்கு ரயில் போக வழியிருந்தால் அது ஜங்ஷன். முன்னும் பின்னுமாக இரண்டே திசை என்றால், எத்தனை நடைமேடை இருந்தாலும் அது வெறும் நிலையம்தான்.

கடலூரில் பேருந்து நிலையத்தை ஒட்டிய திருப்பாதிரிப்புலியூர் நிலையத்தில்தான் கூட்டம் அலைமோதும். ஜங்ஷன் பட்டமோ தெற்கே, பழைய நகரப் பக்கம் உள்ள கடலூர் துறைமுகம் நிலையத்துக்கு. விழுப்புரத்திலிருந்து வரும் மெயின் லைன் அங்கிருந்து பரங்கிப்பேட்டை, சிதம்பரம் வழியாக மயிலாடுதுறைக்கு இறங்குகிறது. இன்னொரு தடம் குறிஞ்சிப்பாடி, வடலூர், நெய்வேலி வழியாக விருத்தாசலத்துக்குப் பிரிகிறது.

நடராசர் கோயிலும் 1929இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் இருந்தும் சிதம்பரம் ஜங்ஷன் இல்லை. வடக்கே கடலூர், தெற்கே கொள்ளிடம் தாண்டிச் சீர்காழி. வேறு தடம் கிடையாது. அங்கிருந்து ரயிலிலேயே நெய்வேலி போக நினைப்பவர் கடலூர் துறைமுகம் வழியாகத்தான் போக வேண்டும்.

தடம் பிரியும் இடத்துக்கு ரயில்வேக்காரர்கள் சொல்லும் பெயர் ‘பாயிண்ட்’. நுனி மெலிந்த இரண்டு தண்டவாளங்கள் சேர்ந்தாற்போல் சில அங்குலம் பக்கவாட்டில் நகரும். ஒன்று பக்கத்துத் தண்டவாளத்தோடு ஒட்டிக்கொள்ளும். மற்றது விலகி இடைவெளி விடும். சக்கரத்தின் உட்பக்க விளிம்பு அந்த இடைவெளி வழியே போக, வண்டி தானாகத் திரும்பிவிடும். ரயில் ஓட்டுபவர் கையில் ஸ்டியரிங் கிடையாது என்பதைப் பலர் யோசிப்பதே இல்லை!

‘கனெக்‌ஷன்’ வேறு. ஒரு வண்டி வந்து சேரும் நேரமும் அடுத்தது கிளம்பும் நேரமும் பொருந்தி வருவதே கனெக்‌ஷன். முதல் வண்டி தாமதமானால் கனெக்‌ஷன் போய்விடும். ஜங்ஷன் அங்கேயேதான் இருக்கும்.

தண்டவாளத்தை விட்டு இறங்கியும் இந்தச் சொல் புழங்குகிறது. திருநெல்வேலியில் ‘ஜங்ஷன்’ என்றால் நிலையத்தைச் சுற்றிய பகுதி முழுவதும். கன்னியாகுமரி மாவட்டத்தில் நாலு சாலை கூடினாலே ஜங்ஷன். கடலூர்ப் பக்கம் அதையே கூட்டு ரோடு என்பார்கள். ரயில் நிலையப் பலகையில் தமிழில் ‘சந்திப்பு’ என்றிருக்கும். இரண்டையும் சேர்த்து ‘ஜங்ஷன் சந்திப்பு’ என்று எழுதுவது ‘நடுசென்டர்’ போலத்தான்.

அன்புடன்,
அண்ணன்