சொல்லும் பொருளும்: அபராதம்

தாம்பரம் மின்சார ரயிலில் பயணச்சீட்டின்றிப் பிடிபட்டவர் செலுத்தும் தண்டப் பணத்தை அபராதம் என்கிறோம். ஆனால் இவ்வடமொழிச் சொல்லின் ஆதிப் பொருள் பணமன்று. குறி தவறுதல், குற்றம் செய்தல் என்பதே. குற்றத்தின் பெயரே நாளடைவில் குற்றவாளி இழக்கும் பொருளுக்கும் பெயராயிற்று. தண்டனையாக இழப்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லாகிய ஃபார்ஃபிட் என்பதும் பழைய பிரெஞ்சு மொழியில் குற்றத்தையே குறித்தது.

பாவமும் இழப்பும் இவ்வாறே பிரியாதவை. சாவான பாவத்தால் ஆத்துமம் தேவ இஷ்டப்பிரசாதத்தை இழக்கிறது. ரயில் அபராதத்தைப் பணம் தீர்க்கும்; இவ்விழப்பைப் பணம் தீர்க்காது. ஊதாரி மைந்தன் தன் புத்திர உரிமை போயிற்றென்றே எண்ணி, கூலியாளாயிருக்கத் துணிந்து திரும்பினான். தகப்பனோ அபராதம் கேளாமல் மோதிரம் அணிவித்தார்.

ஆகையால் பிரியமானவர்களே, வெட்கத்தால் நாள் கடத்தாமல் பாவசங்கீர்த்தனத்துக்கு வருவோமாக.