கோலப்பொடியில் ஒரு கடல்

கல்லூரிகளிலும் ஊர் நூலகங்களிலும் அகதிகளின் உரிமை குறித்த நிகழ்ச்சிகளைப் பல ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். ‘மனித உரிமைக் கருத்தரங்கம்’ என்று சுவரொட்டி ஒட்டினால் ஏற்கெனவே அக்கறை உள்ளவர்கள்தான் வருவார்கள். நாம் போய்ச் சேர வேண்டியது மற்றவர்களிடம். 1983 முதல் இலங்கைத் தமிழர்கள் அடைக்கலம் தேடித் தமிழகத்துக்கு வருகிறார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்கள் இங்கே இருக்கின்றன. ஆனாலும் பக்கத்து ஊர் முகாமுக்குள் ஒருமுறைகூடப் போகாதவர்களே அதிகம். அவர்களைப் பேச வைக்க எனக்குக் கைகொடுத்த வழிகள் இவை.

தரையில் வரைபடம்

கல்லூரி முற்றத்தில் கோலப்பொடியால் ராமேஸ்வரம், அரிச்சல்முனை, தலைமன்னார் ஆகியவற்றை மாணவர்களையே வரையச் சொல்வேன். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கடல்வழி சுமார் 30 கிலோமீட்டர்தான் என்பது பலருக்குப் புதிய செய்தி. நடுவில் மணல் திட்டுகளையும் வரைவோம். 2022-இல் இலங்கைப் பொருளாதார நெருக்கடியின்போது கைக்குழந்தையோடு வந்தவர்களைக்கூடப் படகோட்டிகள் அப்படியொரு திட்டில் இறக்கிவிட்டுப் போனார்கள். கடலோரக் காவல்படைதான் மீட்டது. சிறிய திட்டு ஒன்றில் ஆறேழு மாணவர்களை நெருக்கி நிற்க வைத்து, “ஒரே ஒரு பை. எதை எடுத்து வந்திருப்பீர்கள்?” என்று கேட்பேன். செல்போன், சார்ஜர், நகை என்று பதில் வரும். கடைசியில் யாராவது ஒருவர் “சர்டிபிகேட்” என்பார். அங்கிருந்துதான் அடுத்த பயிற்சியைத் தொடங்குவேன்.

பிறந்த தேதிச் சீட்டு

ஆளுக்கொரு சீட்டில் ஒரு பிறந்த தேதி இருக்கும். எல்லோரும் தமிழகத்தில் பிறந்தவர்கள், பெற்றோர் இருவரும் இலங்கை அகதிகள் என்பது விதி. ஒருவருக்கு 1986, இன்னொருவருக்கு 1988, மற்றவருக்கு 2005. “இவர்களில் யார் இந்தியக் குடிமக்கள்?” எல்லோரும் கை தூக்குவார்கள். 1987 ஜூலை 1-க்கு முன் இங்கே பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், குடிமகன். அந்தத் தேதி முதல் பிறந்தவர் என்றால் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் முதல் விதி இன்னும் இறுகிவிட்டது. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளில் மூத்தவர் குடிமகன், இளையவர் அகதி என்று ஆனதும் அறையில் சலசலப்பு எழும்.

அப்போது உண்மைக் கதையைச் சொல்வேன். 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண், 2022-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வென்று பாஸ்போர்ட் பெற்றார். 2024 மக்களவைத் தேர்தலில் வாக்களித்தார். 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. ஆனாலும் நம் அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் உயிர்ப் பாதுகாப்பு குடிமக்களுக்கு மட்டுமானதல்ல. சக்மா அகதிகள் வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது.

பாதியில் நிற்கும் நாடகம்

பிரேசிலின் அகஸ்டோ போவால் உருவாக்கிய மன்ற அரங்கு முறை பார்வையாளர்களைப் பேச வைக்க மிகவும் ஏற்றது. எங்கள் காட்சி எளிமையானது. முகாமுக்கு வெளியே வாடகை வீடு தேடும் ஒரு குடும்பம். “ஐயா, நாங்கள் பொலிசில பதிஞ்சிருக்கிறம்” என்கிறார் தாய். “வீட்ல கேட்டுட்டுச் சொல்றேம்மா” என்று கதவைச் சாத்தப் போகிறார் வீட்டுக்காரர். அந்த இடத்தில் நாடகத்தை நிறுத்திவிட்டு, பார்வையாளர்களில் ஒருவரை மேடைக்கு அழைப்போம். பெரும்பாலும் அவர்கள் பக்கத்து வீட்டுக்காரராக நுழைந்து, “எனக்குத் தெரிஞ்சவங்கதான், கொடுங்க சார்” என்பார்கள். தன்னாலும் ஒன்றைச் செய்ய முடியும் என்பதை எந்தச் சொற்பொழிவையும்விட இந்த ஒரு நிமிடம் நன்றாகப் புரியவைக்கிறது.

மனிதரே புத்தகம்

2000-இல் கோபன்ஹேகனில் தொடங்கிய ‘மனித நூலகம்’ முறையில், ஒருவர் தன் வாழ்வைச் சொல்ல நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து கேட்கிறார்கள். இதற்குச் சில ஒழுங்குகள் அவசியம்.

எதைப் பேசலாம், எதைக் கேட்கக் கூடாது என்பதைப் பேசுபவரே முன்கூட்டி முடிவு செய்யட்டும். போரைப் பற்றி மட்டுமே கேட்காதீர்கள். பொறியியல் படித்தும் பெயிண்ட் அடிக்கப் போகும் இளைஞரிடம் அவர் படிப்பைப் பற்றிக் கேளுங்கள். வருபவர் அன்றைய கூலியை விட்டுவிட்டு வருகிறார், ஆகவே பயணச் செலவும் மதிப்பூதியமும் கட்டாயம் கொடுங்கள். முகாமில் ஆள் கணக்கெடுப்பு நாளா என்று விசாரித்துத் தேதி வையுங்கள். அனுமதியில்லாமல் படம் எடுக்காதீர்கள், குழந்தைகளின் முகத்தைச் சமூக வலைத்தளத்தில் போடவே போடாதீர்கள்.

இந்தப் பயிற்சிகளை இலங்கைத் தமிழரோடு நிறுத்திக்கொள்ளவும் கூடாது. சென்னையை ஒட்டிய கேளம்பாக்கத்தில் ரோஹிங்கியா குடும்பங்களும் வாழ்கின்றன. நம் மொழி பேசுபவருக்கு மட்டும் உரிமை கேட்டால் அது உறவுப் பாசம். எல்லோருக்கும் கேட்டால்தான் மனித உரிமை.

இரக்கம் சில நாளில் ஆறிவிடும். விதி எங்கே தடுக்கிறது என்று புரிந்தவர் மறுநாளும் கேள்வி கேட்பார். ஆகவே ஒவ்வொரு நிகழ்ச்சியின் முடிவிலும் ஒரு வேலை கொடுங்கள். உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதுவதுகூடப் போதும். ஜூன் 20 உலக அகதிகள் தினம், டிசம்பர் 10 மனித உரிமை தினம். இரண்டில் ஒரு நாளுக்கு உங்கள் ஊர் நூலகத்தை இப்போதே கேட்டு வையுங்கள். திட்டமிடும் முதல் கூட்டத்துக்கே முகாமிலிருந்து ஒருவரை அழையுங்கள்.