கரைக்குத் திரும்பிய மகன்

மூதூர்

அன்புள்ள மருமகனுக்கு,

உன் செய்தி கிடைத்தது. வாடை கழிந்து கடல் அடங்கும்போது அந்தப் பழைய பைபர் படகைத் திருத்தி இறக்கிவிட வேண்டும் என்று நீயும் அப்பாவும் சேர்ந்து தொடங்கிய வேலை. இப்போது அவர் முதுகு பிடித்துப் படுத்துவிட்டார். "ரெண்டு பேரும் சேர்ந்து செய்யத்தானே வெளிக்கிட்டனாங்கள் மாமா, இனி நான் தனிய முடிச்சென்ன?" என்று கேட்டிருக்கிறாய்.

போன முறை நீ வந்தபோது இங்கே ஒரு கல்லைக் காட்டினேனே, நினைவிருக்கிறதா? 'வெள்ளைக்காரன் மரம்' எனப்பட்ட புளியமரத்தடியில் 1893இல் நாட்டியது. கப்பல் கப்டன் ரொபர்ட் நொக்ஸ் இங்கே பிடிபட்டதாக அதில் பொறித்திருக்கும். பிடிபட்ட நொக்ஸ் ஒருவரல்ல, இருவர். தகப்பனுக்கும் மகனுக்கும் ஒரே பெயர்.

1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்தில் புயலடித்து அவர்களுடைய 'ஆன்' கப்பலின் பாய்மரம் போயிற்று. திருத்துவதற்காகக் கொட்டியாரக் குடாவுக்கு வந்தார்கள். கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் நயமாகப் பேசிக் கரைக்கு அழைத்துப் பிடித்துக்கொண்டார்கள். பிறகு, கப்பலையும் ஆற்றுக்குள் கொண்டுவரச் சொல்லி அனுப்பு என்று கப்டனை நெருக்கினார்கள். தூது போனது மகன். அவனுக்கு அப்போது 19 வயதுகூட நிறைந்திருக்குமோ என்னவோ, உன்னைவிட ஒன்றிரண்டு வயது மூப்பு, அவ்வளவுதான்.

தோணியில் போய்க் கப்பலேறினான். கரைக்கு வராதீர்கள், எச்சரிக்கையாக இருங்கள் என்று சொல்லிவிட்டான். அப்படியே நின்றிருந்தால் யார் என்ன செய்திருக்க முடியும்? ஆனால் என்னை விட்டுவிடாதே, திரும்பி வா என்று தகப்பன் வாக்கு வாங்கியிருந்தார். மகன் மறுபடி தோணியில் இறங்கிக் கரைக்கு வந்தான். கப்பல் பிறகு அவர்கள் இல்லாமலே போய்விட்டது.

அப்பா சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு கேள் என்பதற்காக இதை எழுதவில்லை. மகனைத் திரும்பி வரச் சொன்னதை நினைத்து அந்தத் தகப்பனே சாகும்வரை நொந்தார்.

உள்நாட்டில் பண்டார கொஸ்வத்தை என்ற ஊரில் இருவருக்கும் காய்ச்சல் கண்டது. 1661 பெப்ரவரியில் தகப்பன் இறந்தார். உதவி கேட்ட மகனிடம் ஊரார் மாடு கட்டும் கயிறொன்றைக் கொடுத்து, கழுத்தில் கட்டிக் காட்டுக்கு இழுத்துப் போ என்றார்களாம். அவன் கூலிக்கு ஆள் பிடித்து, தானும் கைகொடுத்து, முறையாகப் புதைத்தான். மகன் பின்னர் எழுதிய புத்தகத்தை நான் எத்தனை தடவை எடுத்தாலும் இந்த இடத்தில் ஒருமுறை மூடிவைத்துவிடுவேன்.

சாகுமுன் தகப்பன் சொன்னவை சாதாரண விஷயங்கள்தான்: கடவுளுக்குப் பயந்து நட, சகோதரனையும் சகோதரியையும் பார்த்துக்கொள், குடியையும் கூடாத கூட்டத்தையும் விடு. ஆனால் ஊரிலிருக்கும் கூடப்பிறந்தவர்களைப் பார்க்க வேண்டுமானால் ஊருக்குப் போயாக வேண்டுமே! கைதிகள் பலர் அங்கேயே பெண்ணெடுத்துப் பிள்ளை குட்டி என்று நின்றுவிட்டார்கள். இவன் கல்யாணமே செய்யவில்லை. தொப்பி பின்னி விற்றான், நெல்லை வட்டிக்குக் கொடுத்தான், சில்லறைச் சாமான் சுமந்து ஊரூராக வியாபாரம் செய்தான். வியாபாரம் என்ற சாக்கில் வடக்கே போகும் வழியையும் படித்துக்கொண்டான்.

1679 செப்டெம்பர் 22இல் தோழன் ஸ்டீபன் ரட்லண்டுடன் புறப்பட்டான். அனுராதபுரம் தாண்டி, மல்வத்து ஓயா ஓரமாகவே நடந்து, ஒக்டோபர் 18இல் மன்னார்ப் பக்கம் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார்கள். பிடிபட்டு பத்தொன்பதரை வருடம். 1681இல் இலண்டனில் அவன் எழுதிய அந்தப் புத்தகம் வந்தது. அவன் ஊர் திரும்பியதைத் தகப்பனும் மகனுமாகச் சேர்ந்து முடித்த பயணம் என்றுதான் நான் சொல்வேன்.

சரி, படகுக்கு வருவோம். அப்பாவால் குனியத்தான் முடியாது, வாய் நன்றாகத்தானே இருக்கிறது? ஒரு கதிரையைப் படகுக்குப் பக்கத்தில் போட்டு இருத்து. பழைய பெயின்டைச் சுரண்டி, உப்புப் போகக் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகுதான் பைபர் மாட் ஒட்ட வேண்டும். ரெசினுக்கு ஹார்ட்னர் கூடினால் நீ தடவுமுன் கோப்பையிலேயே இறுகிவிடும், குறைந்தால் நாட்கணக்கில் பிசுபிசுக்கும். அளவை அவரிடம் கேள், கொஞ்சங் கொஞ்சமாகக் கலக்கு. சனிக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். அதற்குள் சுரண்டும் வேலையை முடித்து வை.

அன்புடன்,
மாமா