ஒரத்துப்பாளையம் அணையைக் கெடுத்தது யார்?

கேள்வி: மக்கள்தொகை இப்படிப் பெருகினால் பருவநிலை மாற்றத்தை எப்படித் தடுப்பது? மனித இனம் பிழைக்குமா? (வாசகர், தாராபுரம்)

பதில்: பிழைக்கும் என்றே நம்புகிறேன். ஆனால் கூட்டத்தின் மீது மட்டும் பழிபோட்டால் தப்பான இடத்தில் மருந்து தடவுவோம். உங்கள் பகுதியையே பாருங்கள். பாசனத்துக்காக நொய்யலின் குறுக்கே 1992-இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில், சில ஆண்டுகளிலேயே திருப்பூரின் சாயக்கழிவு தேங்கியது. சுற்றுவட்டாரக் கிணறுகள் உப்பாயின, வயல்கள் பாழாயின. கொங்கு நாட்டில் பிள்ளைகள் அதிகம் பிறந்ததா அதற்குக் காரணம்? ஏற்றுமதிக்காகப் பனியன் துணிக்குச் சாயமேற்றி, கழிவைச் சுத்திகரிக்காமல் ஆற்றில் விட்டதுதான் காரணம். 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியதாயிற்று. அதே காலத்தில் இங்கே பிறப்பு விகிதம் சரிந்துகொண்டுதான் இருந்தது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள், மக்கள்தொகை குறையாமலிருக்க 2.1 வேண்டும். பின்னலாடைத் தொழிலே பீகார், ஒடிசா தொழிலாளர்களை நம்பித்தான் ஓடுகிறது.

எண்ணிக்கைக்குப் பங்கே இல்லையா என்பீர்கள். உண்டு, குடிநீருக்கும் நிலத்துக்கும் அது சுமைதான். ஆனால் பிறப்பு குறைந்து மக்கள்தொகை இறங்கத் தலைமுறைகள் ஆகும். 2080-களின் நடுவில் சுமார் 1,030 கோடியைத் தொட்டபிறகே உலக மக்கள்தொகை இறங்கும் என்பது ஐ.நா.வின் 2024 கணிப்பு. கரியமில வாயுவையோ அடுத்த இருபது முப்பது ஆண்டுகளில் அடக்கியாக வேண்டும். ஓர் அமெரிக்கர் வெளியிடுவது, ஓர் இந்தியரைப்போல் பல மடங்கு. ஆகவே பெண்கல்வியும் குடும்பநலமும் தொடரட்டும். அவசர வேலை நிலக்கரியைக் கைவிடுவதும் ஆலைக்கழிவைக் கட்டுப்படுத்துவதும்தான். உங்கள் அமராவதியில் யாரேனும் கழிவைத் திறந்துவிட்டால், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு உடனே எழுதுங்கள்.