மாலைப் பொழுதில் பல்லாங்குழி

பள்ளி விட்டு வீடு திரும்பிய பின் என்ன செய்கிறீர்கள் என்று ஏழாம் வகுப்பு மாணவர்களிடம் ஒருமுறை கேட்டேன். வீட்டுப்பாடம், தொலைக்காட்சி, கைப்பேசி என்னும் மூன்று விடைகளே திரும்பத் திரும்ப வந்தன. ஒரு மாணவி மட்டும் வேறு விதமாகக் கூறினாள்: "திருவண்ணாமலையிலிருந்து பாட்டி நாள்தோறும் மாலையில் தொலைபேசியில் பேசுவார். ‘சாப்பிட்டாயா?’ என்பார், ‘சாப்பிட்டேன்’ என்பேன். ‘படித்தாயா?’ என்பார், ‘படித்தேன்’ என்பேன். அதன்பின் எங்கள் இருவருக்கும் பேச ஒன்றும் இருப்பதில்லை."

அந்த விடை நெடுநாள் என் நெஞ்சை விட்டு அகலவில்லை. பெற்றோரின் பணி காரணமாகத் திருப்பதியிலும் ரேணிகுண்டாவிலும் சித்தூரிலும் வாழும் உங்களில் பலருக்கு இந்நிலை புதிதன்று. பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும், தெருவில் தெலுங்கும், வீட்டில் தமிழும் பேசுகிறீர்கள். அந்த வீட்டுத் தமிழோ நாளடைவில் உணவு, உடை, உறக்கம் பற்றிய சில சொற்களாகச் சுருங்கிவிடுகிறது.

அம்மாணவியின் பாட்டி கோடை விடுமுறையில் திருப்பதிக்கு வந்தார். வரும்போது ஒரு மரப்பலகையையும் ஒரு சுருக்குப்பை நிறையச் சோழிகளையும் கொண்டுவந்தார். அதன்பின் அவ்வீட்டில் மாலைப் பொழுது எவ்வாறு மாறியது என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்தப் பலகையைப் பற்றி அறிந்துகொள்வோம்.

அது பல்லாங்குழிப் பலகை. வரிசைக்கு ஏழாக இரண்டு வரிசைகளில் பதினான்கு குழிகள் அதில் இருக்கும். எதிரெதிரே அமரும் இருவருக்கும் ஆளுக்கு ஒரு வரிசை உரியது. குழிக்கு 5 காய் வீதம் 70 காய்களை இட்டு ஆட்டத்தைத் தொடங்க வேண்டும். சோழி, புளியங்கொட்டை, குன்றிமணி ஆகிய எதையும் காயாகக் கொள்ளலாம். பலகை இல்லாதவர்கள் வருந்த வேண்டியதில்லை. தரையில் சுண்ணக்கட்டியால் பதினான்கு வட்டங்கள் வரைந்தால் போதும். சித்தூர் வட்டாரத்தில் புளியமரத்திற்குப் பஞ்சமா? அம்மா குழம்புக்குப் புளி கரைக்கும்போது கொட்டைகளைக் கேட்டு வாங்கி, கழுவி, வெயிலில் உலர்த்தி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆடும் முறை இது. உங்கள் பக்கத்துக் குழி ஒன்றிலுள்ள காய்கள் அனைத்தையும் அள்ளி, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாக இட்டுக்கொண்டே வலப்புறமாகச் செல்ல வேண்டும். உங்கள் வரிசை முடிந்ததும் எதிர் வரிசையில் திரும்பிச் சுற்றிவர வேண்டும். கையிலுள்ள காய்கள் தீர்ந்ததும் அடுத்த குழியிலுள்ள காய்களை அள்ளி ஆட்டத்தைத் தொடரலாம். அடுத்த குழி வெறுங்குழியாக இருந்தால், அதை விரலால் துடைத்துவிட்டு, அதற்கும் அடுத்த குழியிலுள்ள காய்களை உங்களுக்கென எடுத்துக்கொள்ளலாம். அத்துடன் உங்கள் முறை முடிகிறது. தொடர்ந்து இரண்டு குழிகள் வெறுமையாக இருப்பின் ஒன்றும் கிடைக்காது.

இதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். காய்களைக் கையில் வைத்துக்கொண்டு படியுங்கள். உங்கள் வரிசைக் குழிகளுக்கு இடமிருந்து வலமாக 1 முதல் 7 வரை எண்ணிடுங்கள். திரும்பி எதிர் வரிசையில் 8 முதல் 14 வரை எண்ணிடுங்கள். முதல் குழியிலுள்ள 5 காய்களை அள்ளி 2 முதல் 6 வரையுள்ள குழிகளில் இடுங்கள். அடுத்து 7ஆம் குழியிலுள்ள 5 காய்கள் 8 முதல் 12 வரை செல்லும். அடுத்து 13ஆம் குழியின் 5 காய்கள் 14ஆம் குழியைக் கடந்து 1, 2, 3, 4 ஆகிய குழிகளில் விழும். இப்போது 5ஆம் குழியில் 6 காய்கள் இருக்கும். அவற்றை அள்ளி 6 முதல் 11 வரை இடுங்கள். பின்னர் 12ஆம் குழியின் 6 காய்களை அள்ளினால் கடைசிக் காய் 4ஆம் குழியில் விழும். அடுத்துள்ள 5ஆம் குழி வெறுங்குழி. அதைத் துடைத்துவிட்டு 6ஆம் குழியைப் பாருங்கள். அங்கு 7 காய்கள் உள்ளன. அவை உங்களுடையவை.

முதல் குழிக்கு மாறாக மூன்றாம் குழியிலோ ஏழாம் குழியிலோ தொடங்கிப் பாருங்கள். அப்போதும் 7 காய்களே கிடைக்கும். தொடக்கத்தில் எல்லாக் குழிகளிலும் சமமாகக் காய்கள் இருப்பதாலும், ஆட்டம் வட்டமாகச் சுற்றிவருவதாலும் எங்கே தொடங்கினாலும் பயன் ஒன்றே. ஆகவே முதலில் ஆடுபவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு எண்ணுவது வெறும் பாவனை! உண்மையான சிந்தனை இரண்டாம் ஆட்டக்காரரிடமிருந்துதான் தொடங்குகிறது.

இன்னொரு விதியும் உண்டு. ஆட்டத்தின் இடையே ஒரு குழியில் சரியாக 4 காய்கள் சேர்ந்துவிட்டால் அது ‘பசு’ எனப்படும். எவர் வரிசையில் பசு விளைந்ததோ, அவர் அதை உடனே எடுத்துக்கொள்ளலாம். எதிரே இருப்பவர் ஆடிக்கொண்டிருக்கும்போதே "பசு!" என்று கூறிக் கை நீட்டும் இன்பம் ஆடியவர்களுக்கே தெரியும். கவனிக்கத் தவறினால் அடுத்த காய் விழுந்து நான்கு ஐந்தாகிவிடும், பசுவும் போய்விடும். காய்கள் தீர்ந்ததும் ஆட்டக்காரர்கள் தாம் வென்ற காய்களால் தத்தம் குழிகளை மீண்டும் நிரப்புவார்கள். 33 காய்கள் வென்றவர் ஆறு குழிகளைத்தான் நிரப்ப முடியும். மூன்று காய்கள் மிஞ்சும். அவருடைய ஏழாம் குழி அடுத்த ஆட்டத்தில் மூடப்படும். ஊருக்கு ஊர் விதிகள் சற்றே வேறுபடும். உங்கள் பாட்டி வேறு விதமாகச் சொன்னால் பாட்டி சொல்வதையே பின்பற்றுங்கள்.

இந்த ஆட்டத்தைத் தமிழர் மட்டும் ஆடுவதாக எண்ணிவிட வேண்டா. உங்கள் பக்கத்து வீட்டில் வாழும் தெலுங்குப் பாட்டியிடம் பலகையைக் காட்டுங்கள். ‘வாமன குண்டலு’ என்று உடனே பெயர் சொல்வார். கருநாடகத்தில் இதற்கு ‘அளிகுளி மணெ’ என்று பெயர். இலங்கையில் சிங்களவர் குன்றிமணிகளைக் கொண்டு ‘ஒலிந்த கெலிய’ என்னும் பெயரில் சித்திரைப் புத்தாண்டுக் காலத்தில் ஆடுகின்றனர். மலேசியாவில் இதன் உறவான ஆட்டம் ‘சொங்காக்’ எனப்படுகிறது. ஆப்பிரிக்காவில் கானா நாட்டு மக்கள் வரிசைக்கு ஆறு குழிகளும் குழிக்கு நான்கு காய்களுமாக 48 காய்களை வைத்து ‘ஓவாரே’ ஆடுகின்றனர்.

பலகையும் வேண்டா, சோழியும் வேண்டா என்பவர்களுக்கு ஆடு புலி ஆட்டம் இருக்கிறது. முக்கோண வடிவில் கோடுகள் வரைந்தால் 23 புள்ளிகள் அமையும். ஒருவருக்கு மூன்று புலிகள். மற்றவருக்குப் பதினைந்து ஆடுகள். புலி ஆட்டைத் தாண்டி வெட்டும். ஆடுகள் ஒன்றுசேர்ந்து புலியை நகரவிடாமல் அடைத்தால் வெற்றி ஆடுகளுக்கே. பழைய கோயில்களுக்குச் செல்லும்போது மண்டபத்தின் கல்தரையைக் கூர்ந்து பாருங்கள். யாரோ எப்போதோ ஆடுவதற்காகக் கீறிய கோடுகளைச் சில இடங்களில் காணலாம். தெலுங்கில் இதைப் ‘புலி மேக ஆட்ட’ என்பர். ‘மேக’ என்றால் ஆடு. புலி மட்டும் இரு மொழிகளிலும் புலிதான்!

மாலை நேர ஆட்டத்தைப் பற்றித் திருப்பதியில் பேசும்போது ஹாதிராம் பாவாஜியின் கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது. வடநாட்டிலிருந்து திருமலைக்கு வந்து தங்கிய அடியவர் அவர். இரவு தோறும் வேங்கடவனே அவருடைய குடிலுக்கு எழுந்தருளிச் சொக்கட்டான் ஆடுவார் என்பது இவ்வூர் மரபுக்கதை. ஒருநாள் இறைவனின் அணிகலன் அக்குடிலில் கிடைக்கவே, அடியவர் மீது திருட்டுப் பழி விழுந்தது. ஓர் அறை நிறையக் கரும்பைக் குவித்து, விடிவதற்குள் அதைத் தின்று முடித்தால் குற்றமற்றவர் என ஏற்பதாகக் கூறி அவரை உள்ளே வைத்துப் பூட்டினர். இரவில் யானை வடிவில் இறைவனே வந்து கரும்பு முழுவதையும் தின்று தீர்த்தார். இந்தியில் ‘ஹாதி’ என்றால் யானை. அதனால் ஹாதிராம் என்னும் பெயர் ஏற்பட்டதாகச் சொல்வர். அவர் பெயரால் அமைந்த மடம் இன்றும் திருமலையில் இருக்கிறது. 1843 முதல் 1933 வரை திருமலைக் கோயிலின் நிருவாகம் அம்மடத்தின் பொறுப்பில் இருந்தது. அதன்பின்னரே திருமலை திருப்பதி தேவஸ்தானம் அப்பொறுப்பை ஏற்றது.

எத்தனையோ அருஞ்செயல்களை இறைவன் மீது ஏற்றிச் சொல்லியிருக்கலாம். இக்கதையைக் கட்டியவர்களோ, பகலெல்லாம் கூட்டத்திற்குக் காட்சி தந்த கடவுள் இரவில் ஒரு நண்பரின் வீட்டிற்குப் போய் ஆட விரும்பினார் என்று சொல்லியிருக்கிறார்கள். எனக்கு இக்கதையில் யானையை விட இப்பகுதிதான் பிடிக்கும்.

சொக்கட்டானில் உருட்டும் காய்களைத் தெலுங்கில் ‘பாச்சிகலு’ என்பர். தமிழ் அகராதியைப் புரட்டினால் ‘பாய்ச்சிகை’ என்னும் சொல் அதே பொருளில் இருக்கும். நாம் மறந்துவிட்ட சொல்லை அண்டை வீட்டார் நாள்தோறும் வழங்கி வருகின்றனர். இதில் வியப்பில்லை. சித்தூர் மாவட்டம் 1911இல் சென்னை மாகாணத்தின் ஒரு பகுதியாகத்தான் உருவாக்கப்பட்டது. 1953இல் ஆந்திர மாநிலத்தோடு சேர்ந்தது. 1960இல் எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணி தமிழகத்திற்கு வந்தது. திருப்பதி தனி மாவட்டமானது 2022இல்தான். கோடுகள் பலமுறை மாறின. கோட்டின் இருபுறமும் இருந்த வீடுகளில் ஆட்டங்கள் மாறவில்லை.

பரமபதமும் அவ்வாறே. மார்கழி மாதத்து வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிப்பதற்காகத் தமிழர் வீடுகளில் பரமபதம் ஆடுவார்கள். தெலுங்கர் அதே படத்தை ‘வைகுண்டபாளி’ என்பர். பாம்பு இறக்கும், ஏணி ஏற்றும். இந்த இந்திய ஆட்டம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்து சென்று, பாம்பும் ஏணியுமாகப் பெட்டியில் அடைக்கப்பட்டு நம்மிடமே திரும்பி வந்தது.

இனி அந்த மாணவியின் வீட்டிற்குத் திரும்புவோம். விடுமுறை முழுவதும் மாலை தோறும் பாட்டியும் பெயர்த்தியும் ஆடினார்கள். முதல் வாரத்தில் பெயர்த்தி ஒருமுறை கூட வெல்லவில்லை. இரண்டாம் வாரத்தில், பாட்டி ஒரு காயை உள்ளங்கையிலேயே ஒளித்துவைப்பதைக் கண்டுபிடித்தாள். அதைச் சுட்டிக்காட்டி வாதிட ‘சாப்பிட்டேன், படித்தேன்’ என்னும் இரண்டு சொற்கள் போதவில்லை. அள்ளு, துடை, மிச்சம், கடன், முறை, அழுகுணி என ஒவ்வொரு சொல்லாக அவள் நாவில் ஏறியது. பாட்டியும் இளமையில் தம் தங்கையோடு ஆடிய கதை, காய் தொலைந்தபோது வாங்கிய அடி என ஒவ்வொன்றாகச் சொன்னார்.

சூன் மாதத்தில் பாட்டி ஊருக்குப் புறப்பட்டார். பலகையைப் பெயர்த்தியிடமே விட்டுச் சென்றார். ஆட்டம் நின்றுபோகும் என்றுதான் நான் நினைத்தேன். ஆனால் அவர்கள் இருவரும் ஒரு வழி கண்டனர். பாட்டி தம் வீட்டுத் திண்ணையில் சுண்ணக்கட்டியால் பதினான்கு வட்டங்கள் வரைந்துகொண்டார். மேலே நாம் இட்டது போலவே குழிகளுக்கு எண்ணிட்டுக்கொண்டனர். மாலையில் தொலைபேசி ஒலித்ததும், "மூன்றாம் குழியிலிருந்து அள்ளுகிறேன்" என்று ஒருவர் கூற, இருவரும் தத்தம் இடத்தில் காய்களை நகர்த்துவர். நடுவில் யாரேனும் ஒரு காயை மாற்றி இட்டுவிட்டால் இருவர் கணக்கும் ஒத்துப்போகாது. உடனே குழி குழியாக எண்ணிச் சரிபார்க்க வேண்டும். யார் மீது தவறு என்னும் வழக்கு அரைமணி நேரம் நடக்கும்.

"இப்போதெல்லாம் பாட்டி சாப்பிட்டாயா என்று கேட்பதையே மறந்துவிடுகிறார், ஐயா" என்று அவள் என்னிடம் குறைபட்டுக்கொண்டாள்.

அருஞ்சொற்பொருள்

வெறுங்குழி – காய் இல்லாத குழி. பாவனை – நடிப்பு. பெயர்த்தி – பேத்தி. அழுகுணி – ஆட்டத்தில் நேர்மையின்றி நடந்துகொள்பவர். சொக்கட்டான் – காய் உருட்டி ஆடும் ஆட்டம்.

செய்து பார்க்க

1. குழிக்கு 6 காய் வீதம் 84 காய்களை இட்டு ஆட்டத்தைத் தொடங்குங்கள். முதல் முறையில் எத்தனை தடவை அள்ள முடிகிறது? எத்தனை காய்கள் கிடைக்கின்றன? மேலே கண்ட ஆட்டத்தோடு ஒப்பிட்டு எழுதுக.

2. உங்கள் தாத்தா அல்லது பாட்டி சிறுவயதில் மாலை நேரத்தில் ஆடிய ஆட்டம் ஒன்றைக் கேட்டறிந்து, அதன் விதிகளை அவர் கூறிய சொற்களிலேயே பத்து வரிகளில் எழுதுக. அதே ஆட்டத்திற்குத் தெலுங்கில் என்ன பெயர் என்பதை அண்டை வீட்டாரிடம் கேட்டுச் சேர்த்துக்கொள்க.