முழங்கால் மூட்டுத் தேய்வு: குருதி அறிக்கையும் இயங்கும் ஆற்றலும்

மாணவர்களே, முழங்கால் ஒரு பிணையல் மூட்டு என்பதைக் கற்றுள்ளீர்கள். அங்கு சந்திக்கும் என்புகளின் முனைகளைக் கசியிழையம் மூடியுள்ளது. அது படிப்படியாகச் சிதைவடைந்து, அடியிலுள்ள என்பும் மாற்றமடையும் நோயே மூட்டுத் தேய்வு, அதாவது ஒஸ்ரியோ ஆத்திரைற்றிஸ் ஆகும்.

முழங்கால் வலியுள்ள அம்மம்மா ஒருவர் குருதிப் பரிசோதனை செய்துகொண்டார் எனக் கொள்வோம். அறிக்கையில் எல்லாம் சாதாரண அளவு. "உங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை" என்கின்றனர் வீட்டார். அவரோ கதிரையிலிருந்து எழும்பவே கஷ்டப்படுகிறார். யார் கூறுவது சரி?

அம்மம்மா கூறுவதே சரி. உடலில் அழற்சி ஏற்படும்போது ஈரல் சி.ஆர்.பி. என்னும் புரதத்தைக் கூடுதலாக உற்பத்தி செய்யும். 1930 இல் கண்டறியப்பட்ட இப்புரதம் கிருமித் தொற்றின்போதும் உடற்பருமனின்போதும் கூட உயரலாம். மூட்டுத் தேய்வில் அது பெரும்பாலும் சாதாரணமாகவே இருக்கும். சிலரில் சிறிதளவு உயரும். எனவே அது முழங்காலுக்கு மட்டும் உரிய குறிகாட்டி அன்று.

கசியிழையத்தில் குருதிக்கலன்கள் இல்லையே, அதன் சிதைவு குருதியில் எவ்வாறு தெரியும் என நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. சிதைந்த துணிக்கைகள் முதலில் மூட்டுப் பாய்மத்தை அடைந்து, பின்னர் குருதியைச் சேர்கின்றன. அவற்றுள் 'கொம்ப்' எனும் புரதம் அதிகம் ஆராயப்பட்டது. ஆனால் அரை மணி நேரம் நடந்தாலே சுகதேகியிலும் அதன் அளவு தற்காலிகமாக உயரும்! ஆகவே இந்நோயை உறுதிசெய்யத் தனியொரு குருதிப் பரிசோதனை இன்றும் இல்லை. வாதமூட்டழற்சி போன்ற வேறு நோய்களைப் பிரித்தறியவே குருதிப் பரிசோதனை பெரிதும் உதவுகின்றது.

இயங்கும் ஆற்றலை அளப்பது இலகு. கைகளை மார்பில் குறுக்காக வைத்து, 30 செக்கன்களில் கதிரையிலிருந்து எத்தனை தடவை முழுமையாக எழும்புகிறார் என எண்ண வேண்டும். 6 நிமிடங்களில் நடக்கும் தூரத்தை மீற்றரில் அளப்பது இன்னொரு முறை. தொடையின் முன்பக்கத் தசைகள் வலுவடையும்போது இவ்வளவீடுகள் முன்னேறலாம். குருதி அறிக்கை மாறாமலே இருக்கலாம். விடை எழுதும்போது பலர் இவ்விரண்டையும் குழப்புவர், கவனம்.

பயிற்சி: மேற்கூறிய அம்மம்மாவின் சி.ஆர்.பி. சாதாரணமாக இருந்தும் அவருக்கு மூட்டுத் தேய்வு இருக்கலாம் என்பதற்கு இரு காரணங்கள் தருக.