உப்புத் தண்ணீரில் ஒளுச் செய்யலாமா?

தொழுகைக்குச் சுத்தம் நிபந்தனை. சுத்தத்திற்குத் தண்ணீர் வேண்டும். ஆகவே வீட்டுக் குழாயில் வரும் தண்ணீரின் தன்மையை அறிந்து கொள்வது வீட்டிலுள்ள ஆண், பெண் அனைவருக்கும் அவசியமாகும்.

நெய்வேலிவாசிகளின் வாழ்வு நிலத்தடி நீரோடு பிணைந்தது. அங்கே பழுப்பு நிலக்கரி இருப்பது 1935ல் வெளிப்பட்டதே, ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் தண்ணீருக்காகக் கிணறு தோண்டியதால்தான். 1956ல் நிலக்கரி நிறுவனம் ஏற்பட்டது. கரிப் படுகைக்குக் கீழே பெரும் அழுத்தத்தோடு தண்ணீர் அடைபட்டு நிற்கிறது. அதை இரவு பகலாக இறைத்து அழுத்தத்தைக் குறைத்தால்தான் சுரங்கத்தில் கரி வெட்ட முடியும். இல்லையேல் நீர் தரையைப் பிளந்துகொண்டு மேலே பாயும்.

நிலத்தடி நீரைப் புழங்கும் வீடுகளில் அடிக்கடி எழும் சந்தேகங்கள் சில உண்டு. “குழாய் வாயில் வெள்ளையாகப் படிகிறது, சோப்பு நுரைப்பதில்லை, ருசியும் மாறியிருக்கிறது. இதில் ஒளுக் கூடுமா? ஒளுச் செய்த கை உலர்ந்ததும் வெள்ளை பூக்கிறதே, மறுபடியும் கழுவ வேண்டுமா?” இவற்றிற்கு விளக்கம் காண்போம்.

கடினத் தண்ணீர் என்பது எது?

மழைத் தண்ணீர் மென்மையானது. அது மண்ணிலும் பாறையிலும் ஊறி இறங்கும்போது சுண்ணாம்புச் சத்தையும் மக்னீசியத்தையும் கரைத்துக் கொள்கிறது. இவை மிகுந்த தண்ணீரே கடினத் தண்ணீர். சுண்ணாம்புக் கல் நிறைந்த அரியலூர்ப் பக்கத்து நிலமும், கடலூர் மணற்கல் பரந்த நெய்வேலி நிலமும் ஒரே விதமான தண்ணீரைத் தருவதில்லை. ஒரே ஊரிலும் ஆழத்திற்கு ஆழம் மாறும். நகரியத்துக் குழாய்க்கும் பக்கத்து ஊரின் போர் தண்ணீருக்கும் வித்தியாசம் இருக்கலாம்.

மார்க்கச் சட்டம்

வானிலிருந்து இறங்கும் நீரைச் சுத்தம் செய்யக்கூடியதாக ஆக்கியிருப்பதைத் திருமறை (25:48) எடுத்துச் சொல்கிறது. கடல் நீரைப் பற்றி வினவப்பட்டபோது, அது சுத்தம் செய்யக்கூடியதே என நாயகம் (ஸல்) அவர்கள் விடையளித்தார்கள். கடல் நீரை விட உப்பான கிணறு ஏது?

ஆகவே தண்ணீர், தான் தங்கும் இடத்திலும் ஓடி வரும் வழியிலும் உள்ள மண், உப்பு, பாசி, கந்தகம் போன்றவற்றால் நிறமோ ருசியோ வாடையோ மாறினாலும் அது தஹூர்தான். அதாவது, தானும் சுத்தமாக இருந்து பிறவற்றையும் சுத்தம் செய்யக்கூடியது. ஷாபிஈ, ஹனபீ இரு மத்ஹபுகளிலும் இதுவே சட்டம். கிருமி நீங்குவதற்காகக் கலக்கும் சிறிதளவு குளோரின் வாடையாலும் குற்றமில்லை.

கை உலர்ந்தபின் பூக்கும் வெள்ளை, தண்ணீர் விட்டுச் சென்ற உப்பேயாகும். அது கழுவிய பிறகு தோன்றியது. அதனால் ஒளு முறியாது, மீண்டும் செய்யத் தேவையில்லை. ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும். கடினத் தண்ணீரில் சோப்பு பிசுக்காகத் திரண்டு தோலிலும் தலைமுடியிலும் ஒட்டும். தண்ணீர் படாமல் தடுக்குமளவு அது படிந்திருந்தால், கடமையான குளிப்பில் அதைத் தேய்த்து அகற்றிவிட்டுத் தண்ணீர் ஊற்றுவது அவசியம்.

குழாய் உடைந்து சாக்கடை கலந்து வாடையோ நிறமோ மாறினால் நிலைமை வேறு. அந்தத் தண்ணீர் நஜீஸ். அதில் ஒளுவும் கூடாது, குடிக்கவும் கூடாது.

குடிப்பதற்கு ஏற்றதா?

இங்கேதான் பலர் தடுமாறுகின்றனர். ஒளுவுக்கு ஆகும் தண்ணீரெல்லாம் குடிக்க ஆகும் என்பதில்லை. குடிக்க ஆகாதது எல்லாம் ஒளுவுக்கு ஆகாததும் அல்ல. முந்தியதை மார்க்கச் சட்டம் சொல்லும். பிந்தியதைச் சோதனை சொல்லும். நம் இமாம்களும் இவ்விரண்டையும் பிரித்தே பார்த்தனர். உலோகப் பாத்திரத்தில் வெயிலில் சூடேறிய நீரை உடம்பில் புழங்குவது, நோய் வரும் என்ற அச்சத்தால், ஷாபிஈ மத்ஹபின் பிரபலமான சொல்லில் மக்ரூஹ். ஆயினும் அதில் செய்த ஒளு நிறைவேறும்.

கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை கொள்ளலாம் என்பது 2012ஆம் ஆண்டின் இந்தியக் குடிநீர்த் தரம். சுண்ணாம்பும் மக்னீசியமும் உடலுக்கு வேண்டிய சத்துக்களே. உலக சுகாதார நிறுவனமும் கடினத்தன்மைக்கு உடல்நலத்தை முன்னிட்டு வரம்பு எதுவும் விதிக்கவில்லை.

பயப்பட வேண்டியது கண்ணுக்குத் தெரியாதவற்றிற்கே. 2023ல் பூவுலகின் நண்பர்கள், மந்தன் அத்யயன் கேந்திரா என்ற இரு அமைப்புகள், நெய்வேலிச் சுரங்கங்களையும் அனல் மின் நிலையங்களையும் சுற்றியுள்ள தண்ணீரும் மண்ணும் கெட்டிருப்பதாக அறிக்கை வெளியிட்டன. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானே முன்வந்து இதனை விசாரணைக்கு எடுத்தது. பாதரசம் போன்றவை கலந்த நீர் தெளிவாகவே இருக்கும். கொதிக்க வைப்பது அதற்குப் பரிகாரமல்ல. தம்மைத் தாமே அழிவில் போட்டுக் கொள்வதைத் திருமறை (2:195) தடுத்திருக்க, சோதிக்காமல் பிள்ளைகளுக்குப் புகட்டுவது தவக்குல் ஆகாது.

வீட்டில் செய்ய வேண்டியவை

1. ஒரு பாட்டிலில் குழாய்த் தண்ணீரும் மற்றொன்றில் மழைத் தண்ணீரும் எடுத்து, சம அளவு சோப்பைக் கரைத்துக் குலுக்குக. நுரை குறைந்து வெண்மையாகத் திரிவது கடினத் தண்ணீர்.

2. கொதிக்க வைத்தால் கடினத்தின் ஒரு பகுதி பாத்திரத்தின் அடியில் படிந்துவிடும். மற்றொரு பகுதி கொதித்தாலும் போகாது.

3. வீட்டில் போர் போட்டிருப்போர், குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வுக்கூடத்தில் தண்ணீரைக் கொடுத்துச் சோதிக்கலாம். கடினத்தோடு உலோகங்களையும் சோதிக்க முடியுமா எனக் கேட்டுக் கொள்க.

4. ஆர்.ஓ. இயந்திரம் கழித்து விடும் தண்ணீரில் உப்பு மிகுதி. ஆனால் அது நஜீஸ் அல்ல. அதைக் கொட்டி விடாமல் வாளியில் பிடித்துத் தரை கழுவலாம். ஒளுவுக்கும் ஆகும்.

நாயகம் (ஸல்) அவர்கள் ஏறத்தாழ முக்கால் லிட்டர் கொள்ளும் ஒரு முத்து அளவுத் தண்ணீரில் ஒளுச் செய்ததாக அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். நாமோ குழாயைத் திறந்து விட்டு வாளிக் கணக்கில் ஓட விடுகிறோம். நீங்கள் குடிக்கும் தண்ணீர் பூமிக்குள் வற்றிப் போனால் ஊற்று நீரைக் கொண்டு வருபவன் யார் என்ற கருத்தில் ‘முல்க்’ அத்தியாயம் (67:30) முடிகிறது. பூமியின் அடியிலிருந்து இரவு பகலாக நீர் இறைக்கப்படும் ஊரில் இக்கேள்வியை மறக்கலாகாது.

வல்ல அல்லாஹ் நம் உள்ளத்தையும் உடலையும், நாம் அருந்தும் நீரையும் சுத்தமாக்கி வைப்பானாக! ஆமீன்.